ஒன்பது சுமைக்கு ஒரு சொல்

யிச்சாங்
1994 மார்ச் 6

மெங் ரோலான் டீச்சருக்கு,

சின் ஃபெங்யிங் எழுதுகிறேன். யார் என்று நினைவில்லை என்று சொல்லிவிடாதீர்கள், நம்ப மாட்டேன். எழுபத்தைந்தாம் வருஷம் ஜூன் மாதம், தொழிலாளியும் விவசாயியும் படைவீரரும் சேர்ந்துதான் அகராதி எழுத வேண்டும் என்று மேலிடம் சொன்னபோது, யிச்சாங் படகுத்துறையின் சுமைப் பிரிவிலிருந்து வூஹானுக்கு உங்கள் அலுவலகத்துக்கு அனுப்பப்பட்டவள். நான்காவது மாடி. உங்கள் மேஜைக்கு எதிர் நாற்காலி. பதினான்கு மாதம். அந்தக் குளிர்காலத்தில் என் பல்தேய்க்கும் குவளையில் நீங்கள் பேனா கழுவினீர்கள். கேட்டதற்கு, "குவளை எல்லாம் ஒரே மாதிரி இருந்துச்சு அக்கா" என்றீர்கள். என் குவளையில் பிடி உடைந்திருந்தது. ஒரே மாதிரி இல்லை.

நான் படித்தது எழுத்தறிவு வகுப்பில் இரண்டு குளிர்காலம். பிழை இருந்தால் சிவப்பு மையில் திருத்தித் திருப்பி அனுப்ப வேண்டாம். நீங்கள் அப்படிச் செய்யக்கூடியவர்தான்.

விஷயத்துக்கு வருகிறேன். வருஷப் பிறப்புக்கு மருமகள் என் பேத்திக்கு இங்கிலீஷ் அகராதி வாங்கி வந்தாள். சிவப்பு அட்டை, உங்கள் அலுவலகத்தின் பெயர். எனக்கு இங்கிலீஷில் ஒரே ஒரு சொல்தான் வாசிக்கத் தெரியும். கேரி, அதாவது சுமப்பது. ஐந்து எழுத்து. நடுவில் ஒரே எழுத்து இரண்டு தடவை, கழிக்கு முன்னும் பின்னும் இரண்டு பேர் நிற்பதுபோல. கடைசி எழுத்துக்கு வால் தொங்கும். அந்த உருவத்தைத் தேடிப் பக்கம் பக்கமாகப் புரட்டினேன்.

"அம்மா, அதுல உங்களுக்கு என்ன தெரியப்போகுது? கண்ணாடியைக் கழட்டிட்டுச் சாப்பிட வாங்க" என்றாள் மருமகள்.

"அதுல ஒரு இடம் எனக்குத் தெரியும்டி. அதைச் சொன்னது நான்" என்றேன்.

இடம் வந்தது. நான் சொன்னது வரவில்லை.

பழைய பெரிய அகராதியில் அந்த ஒரு சொல்லுக்கு எதிரே நம் மொழிச் சொற்கள் ஒன்பது இருந்தன. ஒவ்வொன்றுக்கும் ஒரு வாக்கியம். இந்தச் சிவப்புப் புத்தகத்தில் ஒரே ஒரு சொல், 'இடம் மாற்று'. வாக்கியம் இரண்டு. விமானம் பயணிகளைக் கொண்டுபோகிறதாம். கம்பி மின்சாரத்தைக் கொண்டுபோகிறதாம். மனுஷர் யாரும் எதையும் சுமக்கவில்லை.

எழுபத்தெட்டில் பெரிய அகராதி வெளிவந்தபோது முன்னுரையில் நாற்பத்தொரு பெயர் போட்டிருந்தீர்கள். மூன்று முறை எண்ணினேன். என் பெயர் இல்லை. வாயைத் திறக்கவில்லை. பெயர் போனாலும் ஒன்பதும் உள்ளே இருக்கின்றனவே என்று பதினாறு வருஷம் பொறுத்தேன். இப்போது அவையும் இல்லை.

எங்கே போயின? பதில் வேண்டும்.

சின் ஃபெங்யிங்


வூஹான்
1994 மார்ச் 22

மதிப்பிற்குரிய சின் அக்கா,

உங்கள் கடிதம் கிடைத்தது. நலமாக இருக்கிறீர்கள் என்பது கையெழுத்தின் அழுத்தத்திலேயே தெரிந்தது. தாளின் மறுபக்கத்தைக் கையால் தடவியே வாசிக்கலாம்போல் இருக்கிறது.

எனக்கு அறுபத்திரண்டு ஆகிறது. ஓய்வு பெற்றுவிட்டேன். ஆலோசகர் என்ற பெயரில் வாரம் மூன்று நாள் அலுவலகம் போகிறேன். நீங்கள் பார்த்தது பள்ளிப் பிள்ளைகளுக்கான சிறு பதிப்பு. அதைத் தயாரித்தவர் பாங் யிமின், முப்பத்தாறு வயது, வெளிநாட்டில் படித்தவர், கெட்டிக்காரர். அவர் சொல்லும் காரணம் இது: தேர்வில் கேட்பது ஒரு பொருள்தான், ஒன்பதைக் கொடுத்தால் பிள்ளைகள் குழம்புவார்கள். "இந்தக் காலத்துல யாரு டீச்சர் கழியில காவுறாங்க? லிஃப்ட் இருக்கு, லாரி இருக்கு" என்கிறார். நான் எதிர்த்தேன். போதுமான அளவு எதிர்த்தேனா என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை.

பெரிய அகராதியின் புதிய பதிப்பும் தயாராகிறது. மே பதினைந்தோடு அச்சுப்படி மூடப்படும். அதிலும் கேரி இதே மாதிரி சுருங்கித்தான் நிற்கிறது. ஒன்பதும் வேண்டுமென்றால் சொற்களை எழுதிவைத்த மூலக் குறிப்பட்டைகளைக் காட்டு என்கிறார் பாங். அவை இல்லை. எண்பதில் கட்டடம் மாறியபோது பழைய தாளோடு போய்விட்டன.

அச்சில் வந்தவை சுருக்கங்கள்தான். நீங்கள் முதலில் சொன்னது சொன்னபடி, யார் எதைத் தூக்கினார், எங்கே, எப்படி என்பதோடு, எழுதித் தர முடியுமா? பதினெட்டு வருஷம் ஆகிவிட்டது. நினைவில்லை என்றால் வருத்தப்பட மாட்டேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மெங் ரோலான்


யிச்சாங்
1994 ஏப்ரல் 5

மெங் டீச்சருக்கு,

நினைவில்லை என்றால் வருத்தப்பட மாட்டீர்களாம். நான் மறந்துபோனால்தான் உங்களுக்கு நிம்மதி. பெயரைப் பற்றிக் கேட்டதற்கு ஒரு வரி பதில் இல்லை. தாண்டிப் போய்விட்டீர்கள், சேற்றைத் தாண்டுவதுபோல. அதையும் குறித்துக்கொண்டேன்.

இன்று முன்னோர் கல்லறைகளைத் துடைக்கும் நாள். காலையில் மலைக்குப் போய் வந்து, கை கழுவிவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். ஒன்பதும் இதோ.

முதலில் காவுவது. ஒரு ஆள், ஒரு கழி, இரண்டு முனையிலும் பாரம். "என் அப்பா ஆற்றிலிருந்து எண்பது வீட்டுக்குத் தண்ணீர் காவினார்." எண்பத்தொன்று என்றேன். முழு எண்ணாக இருந்தால் நல்லது என்று நீங்கள் எண்பதாக்கினீர்கள். அந்த எண்பத்தொன்றாவது வீடு எங்கள் வீடு.

முதுகில் சுமப்பது. என் மாமியாருக்கு மூச்சுத் திணறியபோது துறையிலிருந்து இருநூற்றாறு படி நான் சுமந்து ஏறினேன். ஏறி முடிக்கும் வரை என் காதுக்குள், "மெதுவாப் போடி, நான் என்ன மூட்டையா?" என்று திட்டிக்கொண்டே வந்தாள்.

தோளில் போட்டுக்கொள்வது அரிசி மூட்டை. இரண்டு கையிலும் தளும்பாமல் ஏந்திப்போவது தாமரைக்கிழங்கு சூப்பு. கையில் தொங்கவிட்டுத் தூக்கிப்போவது கெட்டில். கக்கத்தில் இடுக்கிக்கொள்வது நீங்கள், உங்கள் புத்தகம், எப்போதும் இடது கக்கம். மழை வந்தால் குடை எனக்கு, கக்கம் புத்தகத்துக்கு. மார்போடு அணைத்துப்போவது பிள்ளை. அதற்கு வாக்கியம் கேட்டபோது நான் உடனே சொல்லவில்லை. ஆறு நாள் கழித்துச் சொன்னேன். ஏன் என்று நீங்கள் கேட்கவில்லை. அந்த ஒன்றுக்காக மட்டும் உங்கள்மேல் எனக்கு மரியாதை உண்டு.

எட்டாவது தலையில் சுமப்பது. அது என்னுடையது இல்லை. எங்கள் பக்கம் யாரும் தலையில் வைப்பதில்லை. கொரியக் குடும்பத்துப் படைவீரர் பியாவ் சொன்னது, அவர் அம்மா பனியில் தண்ணீர்க்குடம் தலையில் வைத்து வந்ததை. என்னுடையதென்று போட்டுவிடாதீர்கள்.

ஒன்பதாவது, ஒரு கழியில் இரண்டு பேர் தூக்குவது. "இரண்டு பேர் ஒரு கல்லை அணைக்கரைக்குத் தூக்கிப் போனார்கள்." அச்சில் வந்தது அது. அச்சில் வராத ஒன்றும் இருக்கிறது.

எழுபத்தாறு ஆகஸ்ட். வடக்கே நிலநடுக்கம் வந்ததும் நம் கட்டடமும் விழும் என்று எல்லாரையும் தார்ப்பாய்க் கொட்டகைக்கு அனுப்பினார்கள். குறிப்பட்டைகள் மாடியிலேயே கிடந்தன. இருபத்தாறு மரப்பெட்டி. ஆண்கள் எல்லாம் கொட்டகை கட்டப் போய்விட்டார்கள். நான் மூங்கில் கழி கொண்டுவந்தேன். நீங்கள் வாழ்நாளில் முதல் தடவையாகக் கழிக்குத் தோள் கொடுத்தீர்கள். படி இறங்கும்போது பாரம் முன்னால் இருப்பவர்மேல் வரும், அதனால் நான் முன்னால் நின்றேன். மூன்றாவது பெட்டி இறங்கியதும், "இவ்வளவுதானா அக்கா எடை? நான் என்னமோன்னு பயந்தேன்" என்று சிரித்தீர்கள். அன்று மாலை கூட்டத்தில் தலைவர் எழுந்து, "தோழர் மெங் பாதிச் சுமை சுமந்தார்" என்று பாராட்டினார். நீங்கள் எழுந்து நின்று கைதட்டலை வாங்கிக்கொண்டீர்கள்.

பாதி இல்லை டீச்சர். தூக்கும் முன்பே கயிற்றை என் பக்கம் ஒன்றரை சாண் இழுத்து முடிச்சுப் போட்டிருந்தேன். நீங்கள் காலைப் பார்த்து இறங்கினீர்கள், கயிற்றைப் பார்க்கவில்லை. இருபத்தாறு பெட்டிக்கும் அப்படித்தான். இப்போதாவது தெரிந்துகொள்ளுங்கள்.

சின் ஃபெங்யிங்


வூஹான்
1994 ஏப்ரல் 20

சின் அக்கா,

நான்கு முறை எழுதிக் கிழித்துவிட்டேன். இது ஐந்தாவது.

பின்னால் நிற்பவளின் மூக்குக்கு நேராகத்தான் கயிறு தொங்கும். அதைப் பார்க்காமல் எப்படி இறங்கியிருப்பேன்? முதல் பெட்டியிலேயே பார்த்தேன். கயிறு என்னைவிட்டு விலகி உங்கள் முதுகை ஒட்டி நின்றது. உங்கள் சட்டை தோளில் நனைந்து கறுத்தது. எடை இவ்வளவுதானா என்று சிரித்தது உங்களைச் சிரிக்க வைக்க. நீங்கள் சிரிக்கவில்லை. கூட்டத்தில் ஏன் எழுந்து நின்றேன் என்றால், என் அப்பா நிலக்கிழார் என்பதற்காகப் பத்து வருஷம் எல்லாக் கூட்டத்திலும் தலை குனிந்து நின்றவள் நான். முதன்முதலாக ஒருவர் என்னைப் பற்றி நல்லதாகச் சொன்னார். உண்மையில்லை என்று சொல்ல வாய் வரவில்லை.

பெயரைத் தாண்டிப் போகவில்லை, நின்றுவிட்டேன். இப்போது சொல்கிறேன்.

எழுபத்தெட்டில் முன்னுரைப் பட்டியல் நாற்பத்தேழு பெயரோடு என்னிடம் வந்தது, என் கையெழுத்து அழகாக இருக்கும் என்பதால் படியெடுக்க. "வெளியிலிருந்து வந்தவங்க காலம் முடிஞ்சுது, அதுக்கேத்த மாதிரிப் பண்ணிடுங்க" என்றார் தலைவர். வெட்டு என்று அவர் சொல்லவில்லை. வெட்டியது என் பேனா. ஆறு பெயர். என் பெயர் அந்த வருஷம்தான் எல்லாருடைய பெயரோடும் சேர்த்து எழுதப்பட்டது. பதினேழாவது. உங்களுடையது பதினெட்டாவது. என்னுடையதை எழுதிவிட்டு, அடுத்த வரியைத் தாண்டினேன். மறுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பதினாறு வருஷமாகக் கணக்குப் போடுகிறேன். அநேகமாக ஒன்றும் ஆகியிருக்காது.

புதிய பதிப்பில் 'தலைமை ஆலோசகர்' என்று என் பெயர் தனிப்பக்கத்தில் வரப்போகிறது. அந்தப் பக்கத்தைப் பார்க்கவே கூச்சமாக இருக்கிறது.

உங்கள் ஒன்பதையும் பாங்கிடம் கொடுத்தேன். இரண்டு முறை வாசித்தார். மாமியார் திட்டிய இடத்தில் சிரித்தார். பிறகு, "சரி டீச்சர், ஒன்பதாவதை மட்டும் கொஞ்சம் நவீனமாக்கலாம். இரண்டு பேர் ஒரு பியானோவைத் தூக்கினார்கள்" என்றார். மற்ற எட்டும் குழுவின் முடிவுக்குப் போகின்றன. ஒன்பதாவதற்கு ஒரு படமும் வரைந்திருக்கிறார்கள், இரண்டு ஆண்கள் கழியில் ஒரு பெட்டியைத் தூக்குவதுபோல. நகல் வைத்திருக்கிறேன். பார்த்துச் சொல்லுங்கள்.

மன்னிப்புக் கேட்கும் தகுதி இருக்கிறதா என்று தெரியவில்லை. கேட்கிறேன்.

ரோலான்


யிச்சாங்
1994 மே 2

டீச்சர்,

மன்னிக்கவில்லை. எழுதி வைத்துக்கொள்ளுங்கள், தேதியோடு.

ஆனால் கயிற்றைப் பார்த்தேன் என்று சொன்னீர்களே, அதை வாசித்துவிட்டுக் கொஞ்ச நேரம் வெளியே போய் நின்றேன். பதினெட்டு வருஷமாக ஒரு பெருமையை நான் மட்டும் வைத்திருந்தேன், உங்களுக்குத் தெரியாது என்று. தெரிந்தே வைத்திருந்தீர்கள் என்றால் அது பாதி உங்களுடையது ஆகிவிடுகிறது. அதில் எனக்குச் சந்தோஷமா கோபமா என்று இன்னும் பிரித்துப் பார்க்கவில்லை.

படத்தைப் பற்றி. நேற்று விடுமுறையானாலும் துறையில் சரக்கு இறங்கியது. படத்தை எடுத்துக்கொண்டு போய் எங்கள் ஆட்களிடம் காட்டினேன். குண்டு லியாவ் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினாள்.

"யக்கா, பெட்டிக்குள்ள என்ன, பஞ்சா? ரெண்டு பயலும் பல்லைக் காட்டுறானுங்க!"

"கயிறைப் பாருடி, நட்ட நடுவுல இருக்கு," என்றார் கிழவர் பெய். "ரெட்டைப் பிள்ளைங்க போல. நாப்பது வருஷத்துல ஒரே பலம் உள்ள ரெண்டு பேரை நான் பார்த்ததில்லை."

"ஒரே காலை வேற வெக்கிறானுங்க. மூணாவது படியில பெட்டி ஊஞ்சலாடும், நாலாவது படியில இவனுங்க ஆத்துல."

"இதை வரைஞ்சவன் பேனாவைத் தவிர எதையும் தூக்கியிருக்க மாட்டான்" என்று பெய் முடித்தார். எல்லாரும் சிரித்த சிரிப்பில் கப்பல்காரன் எட்டிப் பார்த்தான்.

ஆகவே எழுதிக்கொள்ளுங்கள். முன்னவர் இடது கால் வைத்தால் பின்னவர் வலது. கயிறு பலசாலியின் பக்கம். ஆண்கள் எதற்கு? துறையில் பாதிப் பேர் பெண்கள். பியானோ வேண்டாம். அதைக் கழியில் தூக்கியவர் யாரையும் எனக்குத் தெரியாது. வாக்கியம் இது: "இரண்டு பெண்கள் ஒரு பெட்டிச் சொற்களை நான்காவது மாடியிலிருந்து கீழே தூக்கி வந்தார்கள்." கல்லும் வேண்டாம். நடந்ததைப் போடுங்கள்.

பெயர் விஷயம். என் ஒரு பெயரைச் சமாதானத்துக்காக எங்காவது செருகினால் புத்தகத்தை ஆற்றில் போடுவேன். ஆறு பெயரும் வேண்டும், இல்லையென்றால் ஒன்றும் வேண்டாம். உங்களுக்கு மறந்திருக்கும், எனக்கு மறக்கவில்லை: படைவீரர் பியாவ் சுங்ஹோ. நெசவாலை கோங் மியன்ஹுவா, பேசும்போது கத்துவாள், தறிச் சத்தத்தில் பாதிக் காது போனவள். கொதிகலன் லேய் டாஷுன். வாத்து வளர்க்கும் யூ ஷிஃபா, எங்களுக்கு உப்பு முட்டை கொண்டுவருவார், உங்களுக்குப் பெரியதாகப் பார்த்து. மின்கம்பி நியே குவாங்டிங். பிறகு நான். நாங்கள் அலங்காரத்துக்கு உட்கார்ந்திருந்தோம் என்று உங்கள் ஆட்கள் பேசிக்கொண்டார்கள். எங்களுக்கு இங்கிலீஷ் தெரியாது. நம் மொழி தெரியும். உங்களுக்கு அது பாதிதான் தெரிந்தது. அதனால்தான் எங்களைக் கேட்டீர்கள்.

மே பதினைந்து என்றீர்கள். இன்று இரண்டு.

சின் ஃபெங்யிங்


வூஹான்
1994 மே 18

அக்கா,

முடிந்துவிட்டது. கூட்டத்தில் நடந்ததைச் சொல்கிறேன்.

ஒன்பது பேர் உட்கார்ந்திருந்தோம். படத்தைப் பற்றிக் கிழவர் பெய் சொன்னதை வாசித்தேன். வரைந்தவருக்கு முகம் சிவந்தது, ஆனால் அவரே எழுந்து, "மறுபடி வரையறேன்" என்றார். எட்டு வாக்கியங்களுக்கு வந்தபோது பாங் மறுபடி ஆரம்பித்தார்.

"டீச்சர், இங்கிலீஷ்காரனுக்கு ஒரே சொல் போதும். எப்படித் தூக்கினான்னு வேணும்னா பின்னாலே முதுகில, தோளில, கையிலன்னு சேர்த்துக்குவான். அதை மட்டும் சொல்லிக்கொடுத்தாப் போதாதா?"

"எதைச் சேர்க்கணும்னு நம்ம பிள்ளைக்கு எப்படித் தெரியும் பாங்? அது மனசுல இருக்கிறது ஒன்பது. நீங்க கொடுத்தது ஒண்ணு, அதுவும் விமானம்."

பிறகு கக்கத்திலிருந்து ஒரு தாளை எடுத்தேன். ஆமாம், இடது கக்கம்தான். போன வருஷம் மாவட்டத் தேர்வில் மலைப்பக்கத்துப் பெண் ஒருத்தி எழுதிய விடைத்தாள். என் பழைய மாணவி திருத்தியது, வருத்தத்தோடு என்னிடம் காட்டினாள். அந்தப் பெண் எழுதியிருந்தாள்: "என் அப்பா பாட்டியை முதுகில் சுமந்து ஆஸ்பத்திரிக்குப் போனார்." கேரி என்று சரியாகவே போட்டிருந்தாள். முதுகில் என்றும் சேர்த்திருந்தாள். ஆனால் திருத்தியவள் சிவப்பில் அடித்து, 'அழைத்துப் போனார் என்று எழுது, மனிதர்களைச் சுமப்பதில்லை' என்று எழுதி மதிப்பெண்ணைக் குறைத்திருந்தாள். பிறகுதான் அவளுக்குத் தெரிந்ததாம், அந்த ஊருக்குச் சாலையே இல்லை.

"இந்தப் பொண்ணு தப்பா எழுதல. திருத்தினவளுக்குத்தான் அகராதி பத்தல. அந்த அகராதி நம்மளோடது" என்றேன்.

பாங் விடைத்தாளை வாங்கி வெகுநேரம் பார்த்தார். "எங்க அப்பாவும் என்னை இப்படித்தான் பள்ளிக்கூடத்துக்கு..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். பிறகு, "ஒன்பதும் இருக்கட்டும். பெட்டிச் சொற்கள் வாக்கியமும் இருக்கட்டும்" என்றார். சொன்னேனே, கெட்டிக்காரர்.

ஆறு பெயர் அவ்வளவு சுலபமாக இல்லை. பழைய பட்டியலைத் திறந்தால் யார் வெட்டினார், ஏன் என்று எழுத்தில் வேண்டும் என்றார்கள். எழுதிக் கொடுத்தேன், கையெழுத்தோடு. அதன் பிறகு அவர்கள் சில மாற்றங்கள் செய்தார்கள். அவை முக்கியமில்லை.

புத்தகம் இலையுதிர்காலத்தில் வரும். ஒரு படி உங்களுக்கு வரும். மற்ற ஐந்து பேரின் முகவரியைத் தேடிக்கொண்டிருக்கிறேன். யூ ஷிஃபா இறந்துவிட்டாராம். அவர் மகளுக்கு அனுப்புகிறேன்.

ரோலான்


யிச்சாங்
1994 அக்டோபர் 23

ரோலான்,

புத்தகம் வந்தது. தபால்காரனை உட்கார வைத்து, பொட்டலத்தை அவன் கண்முன்னால் பிரித்தேன். "பாட்டி, இவ்வளவு கனமான புத்தகத்தை வெச்சு என்ன பண்ணப் போறீங்க?" என்றான். "உள்ள இருக்கிறதைத் தூக்கினது நான். இதைத் தூக்க மாட்டேனா?" என்றேன். அவன் நம்பவில்லை. பக்கத்தைக் காட்டினேன். மருமகளையும் கூப்பிட்டுக் காட்டினேன். பேத்தியை ஒன்பதும் உரக்க வாசிக்கச் சொன்னேன். மாமியார் திட்டிய வாக்கியம் வந்ததும் மருமகள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். இப்போது சாப்பிடக் கூப்பிடும்போது குரல் வேறு மாதிரி இருக்கிறது.

எண்பத்தொன்று வீடு என்று திருத்தியிருக்கிறீர்கள். பார்த்தேன்.

படமும் பார்த்தேன். இரண்டு பெண்கள். முன்னவள் இடது கால், பின்னவள் வலது. கயிறு முன்னவள் பக்கம் ஒன்றரை சாண் தள்ளி. பெய் கிழவர் ஒரு மணி நேரம் குறை தேடிவிட்டு, "செருப்புதான் புதுசா இருக்கு" என்று திருப்பிக் கொடுத்தார்.

பிறகு பட்டியல். எண்ணினேன். நாற்பத்தேழு. பியாவ், கோங், லேய், யூ, நியே, எல்லாரும் இருக்கிறார்கள். பதினேழாவது இடத்தில் சின் ஃபெங்யிங். பதினெட்டில் உங்கள் பெயரைத் தேடினேன். இல்லை. கீழே, கடைசியில், நாற்பத்தேழாவதாக மெங் ரோலான். 'தலைமை ஆலோசகர்' என்று தனிப்பக்கம் வருமென்று எழுதியிருந்தீர்கள். புத்தகத்தை முன்னும் பின்னும் மூன்று முறை புரட்டினேன். அந்தப் பக்கம் இல்லை. சில மாற்றங்கள் செய்தார்கள், முக்கியமில்லை என்றீர்கள். எழுத வேண்டியதைத் தாண்டிப் போவதில் நீங்கள் இன்னும் மாறவில்லை.

கயிறு எந்தப் பக்கம் இருந்தது என்று நான் பார்க்கவில்லை என்று நினைக்க வேண்டாம்.

மன்னித்தேன் என்று எழுத மாட்டேன். மே இரண்டாம் தேதி எழுதியதை அடித்துவிடுங்கள், அவ்வளவுதான். சிவப்பு மை உங்களிடம் இருக்கும். பல்தேய்க்கும் குவளை விஷயம் அப்படியே இருக்கட்டும்.

குளிர் வருவதற்குள் இங்கே வாருங்கள். முள்ளங்கி வடை சூடாகப் போட்டுத் தருகிறேன். படகிலேயே வாருங்கள், துறையில் நிற்பேன். பெட்டியைச் சுமக்கிறேன் என்று லியாவ் ஓடி வருவாள், கொடுத்துவிடாதீர்கள். என்னிடம் கழி இருக்கிறது. ஏறும்போது பாரம் பின்னவர்மேல் வரும், அதனால் நான் பின்னால் நிற்கிறேன். எனக்கு அறுபத்தைந்து, உங்களுக்கு அறுபத்திரண்டு, முட்டி இரண்டு பேருக்கும் போய்விட்டது. இருநூற்றாறு படி.

பெய் கிழவர் பார்த்துச் சிரித்தால் சிரிக்கட்டும். கயிறு நடுவில் இருக்கட்டும்.

ஃபெங்யிங்